பெண்கள் உதவுகின்றனர்

ஞானஜோதி ஆசைப்பட்டுத்தான் அந்தப் பட்டியலைப் போட்டாள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குக் கட்டிப் போன சேலையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து நாற்பது தலைப்பு எழுதினாள். வாக்குரிமைக்குப் போராடிய பெண்கள், சொத்துரிமைச் சட்டம், முதல் பெண் மருத்துவர்கள், விண்வெளிக்குப் போனவர்கள் என்று உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வந்திருந்தாள். யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்று இணையத்தில் தமிழில் ஒரு கலைக்களஞ்சியம் வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. அதில் பெண்களைப் பற்றிய கட்டுரைகள் அரையும் குறையுமாகக் கிடக்கின்றன என்பது அவளுக்கு நெடுநாள் ஆதங்கம்.

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவில், கருவேலங்காட்டை வெட்டித் திருத்திக் கட்டிய பெண்கள் கல்லூரியில் அவள் வரலாறு நடத்தினாள். இரண்டாம் ஆண்டில் முப்பது மாணவிகள். ஆளுக்கு ஒரு கட்டுரையை எடுத்துச் செம்மைப்படுத்த வேண்டும், அதற்கு அகமதிப்பீட்டில் இருபத்தைந்து மதிப்பெண் என்று முதல்வரிடம் வாதாடி அனுமதி வாங்கியிருந்தாள். ஒரு நிபந்தனையும் அவளே வைத்தாள். மாணவி செய்த திருத்தம் ஒரு வாரமாவது அழியாமல் நிற்க வேண்டும். நின்றால்தான் மதிப்பெண். அந்த நிபந்தனை தன் கழுத்தையே சுற்றும் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

இரண்டாயிரத்து ஒன்பது ஆகஸ்ட் மாதம் முதல் வாரம், கம்ப்யூட்டர் அறையில் பட்டியலை வாசித்தாள். பதினைந்து மெஷினில் ஒன்பதுதான் ஓடியது. ஒரு மெஷினுக்கு மூன்று பேர், நான்கு பேர் என்று நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நாற்பது தலைப்பையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு பதினொரு பேர் குதிரையேறி வாள் வீசிய ஒரே ராணியைக் கேட்டார்கள். ஆறு பேர் ஒரே நடிகையைக் கேட்டார்கள். மீதிப் பேர், எது சின்னதாக இருக்கிறதோ அதைக் கொடுங்கள் என்ற முகத்தோடு இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பாதிப் பேர் லீவு நாளில் தீப்பெட்டி வேலைக்கோ பட்டாசு வேலைக்கோ போகிறவர்கள். விண்வெளி அவர்களுக்கு ரொம்பத் தூரம்.

"மேடம், நான் சரவெடி எடுத்துக்கிடுறேன்" என்றாள் பானுப்பிரியா. சிவகாசிப் பக்கம் எம். புதுப்பட்டி என்ற ஊர்க்காரி. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து வாயே திறக்காத பெண்.

"சரவெடியா? பெண்கள் சம்பந்தப்பட்டதா எடுக்கச் சொன்னேன்மா."

"சம்பந்தப்பட்டதுதான் மேடம். சரத்த யாரு பின்னுறாக?"

பிள்ளைகள் சிரித்தார்கள். பானுப்பிரியா சிரிக்கவில்லை. திரையை ஞானஜோதி பக்கம் திருப்பிக் காட்டினாள். பத்து வரிக் கட்டுரை. கூடவே ஒரு பட்டாசுப் பெட்டியின் லேபிள் படம், அதில் தாமரைமேல் நிற்கும் லட்சுமி. கட்டுரை முழுவதிலும் பெண் என்று இருந்தது அந்த லட்சுமியும், கடைசியில் ஒரு வரியும்தான். ‘பட்டாசுத் தயாரிப்பில் ஆண்கள் ஈடுபட்டுள்ளனர். சரம் பின்னுவதில் பெண்கள் அவர்களுக்கு உதவுகின்றனர்.’

"எங்கம்மா இருவது வருசமாப் பின்னுது மேடம். யாருக்கு உதவுதுன்னு கேட்டா அதுக்கே தெரியாது. பின்னல் செட்டுல ஆம்பளையாளே கிடையாது. போர்மேன் வாசல்ல நின்னு எட்டிப் பாத்துட்டுப் போவாரு, அம்புட்டுத்தான்."

ஞானஜோதியின் நாற்பதில் பட்டாசு என்ற சொல்லே இல்லை. கல்லூரித் தாளாளர் வெள்ளைத்துரைக்கு இரண்டு பட்டாசுக் கம்பெனி இருந்தது ஒரு காரணம். இன்னொரு காரணம், அது அவளுக்குத் தோன்றவே இல்லை. இரண்டாவதுதான் பெரிய காரணம் என்று பின்னால்தான் ஒப்புக்கொண்டாள். அந்த நேரத்தில், "அதுக்கெல்லாம் சான்று கிடைக்காதும்மா, வாக்குரிமைய எடுத்துக்கோ" என்றாள்.

பானுப்பிரியா தலையை ஆட்டிவிட்டு, அடுத்த பத்து நிமிடத்தில் சரவெடிக் கட்டுரையில் கை வைத்தாள். ‘சரம் பின்னும் வேலை முழுவதையும் பெண்களே செய்கின்றனர்’ என்று ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள். மத்தியானம் வந்து பார்த்தால் பழைய வரி திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது. அதன் பக்கத்தில், எங்கோ தூரத்தில் இருந்த கலைக்களஞ்சியப் பொறுப்பாளர் ஒருவர் ஒற்றைச் சொல் எழுதியிருந்தார்: ‘சான்று?’ அவள் மறுபடி மாற்றினாள். மறுபடி பழைய வரி வந்தது. இந்த முறை குறிப்பு கொஞ்சம் நீளம். சான்றில்லாமல் இன்னொரு தடவை மாற்றினால் அந்த இணைப்பிலிருந்து யாருமே எழுத முடியாதபடி முடக்க நேரிடும் என்று பணிவாகவே சொல்லியிருந்தார். கல்லூரி மொத்தத்துக்கும் இருந்தது ஒரே இணைப்பு. முப்பது பேர் மதிப்பெண்ணும் அதில்தான்.

ஞானஜோதிக்குக் கோபம் வந்தது. பானுப்பிரியாவைத் துறை அறைக்குக் கூப்பிட்டாள்.

"முதல் டெஸ்ட்டுக்கு நீ வரல. அதுல பூஜ்யம். இந்த இருபத்தஞ்சும் போச்சுன்னா பேப்பரே போயிரும். தெரியுமா?"

"தெரியும் மேடம். அன்னைக்கு அம்மாவுக்குக் காய்ச்சல். சீசன் ஆர்டர். அது எடத்துக்கு நான் பின்னப் போனேன்." பிறகு, "பேப்பர் போச்சுன்னா காலேஜ் போதும்னு எங்கய்யா சொல்லிட்டாக" என்றாள்.

"அப்ப எதுக்கும்மா வம்பு? வேற கட்டுரை எடு."

"வேற எடுத்தா இந்த வரி அப்படியேதான மேடம் இருக்கும்?"

பிடிவாதக்காரர்களோடு ஞானஜோதிக்கு எப்போதும் ஒத்துப்போனதில்லை, தானே ஒரு பிடிவாதக்காரி என்பதால். பெருமூச்சு விட்டு, சான்று என்றால் என்ன என்று விளக்கினாள். நீ சொல்வது உண்மையா பொய்யா என்பதல்ல கேள்வி. அது எங்கேயாவது அச்சில் வந்திருக்க வேண்டும்.

"அச்சுல இருந்தாப் போதுமா மேடம்?"

"போதும்" என்றாள் ஞானஜோதி. அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிட்டதால், யார் அச்சிட்டது, எப்போது அச்சிட்டது என்பதையெல்லாம் சொல்லாமல் எழுந்து போய்விட்டாள்.

வேறு எந்த ஊர்ப் பெண்ணாக இருந்தாலும் நூலகத்துக்குப் போயிருப்பாள். இது சிவகாசிப் பக்கத்துப் பெண். அங்கே காதுகுத்துக்கும் அச்சு உண்டு, கருமாதிக்கும் அச்சு உண்டு. அச்சில் இல்லையா, அடித்துவிட்டால் போகிறது என்று நினைத்ததில் அவள் தப்பு எதுவும் இருப்பதாக எனக்குப் படவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் ஞானஜோதியின் மேஜைமேல் ஒரு புத்தகம் இருந்தது. ‘சரவெடியும் பெண்களும்’. பதினாறு பக்கம், பளபளவென்று நாலு கலர் அட்டை. பானுப்பிரியாவின் மாமா பெத்தணன், ஒரு ஆஃப்செட் பிரஸ்ஸில் மெஷின் ஓட்டுகிறவர். ஏதோ ஒரு லேபிள் ஆர்டர் ஓடியபோது தாளின் ஓரத்தில் மிச்சமிருந்த இடத்தில் அட்டையைச் சேர்த்துப் போட்டுவிட்டாராம். உள்பக்கத்துக்குக் காலண்டரில் வெட்டி விழுந்த தாள்.

முதல் பக்கத்தைத் திருப்பியதும் ஞானஜோதிக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. உயர்திரு தாளாளர் வெள்ளைத்துரை அவர்கள், முதல்வர் அவர்கள், ஊராட்சித் தலைவர் அவர்கள், பிரஸ் முதலாளி அவர்கள் என்று வரிசையாகப் பெயர்கள். பெரியவர்கள் பெயரைக் கேட்காமலே போடுவதுதான் அந்தப் பக்கத்து மரியாதை. போடாமல் விட்டால்தான் கேள்வி வரும். அடியில் கொட்டை எழுத்தில், ‘நூலாசிரியர்: பேராசிரியர் ஞானஜோதி, எம்.ஏ., எம்.ஃபில்.’ அங்கே அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

கோபத்தோடுதான் மேலே படித்தாள். படிக்கப் படிக்கக் கோபம் இறங்கியது. திரியின் நுனியை எவ்வளவு பிரித்துவிட வேண்டும், வெடிகளை எதிரும் புதிருமாக எப்படி வைக்க வேண்டும், நூலை இறுக்கினால் திரி கசங்கி நடுவில் அணைந்துபோகும், தளர்த்தினால் சரம் தொங்கிவிடும் என்றெல்லாம் சின்னச் சின்ன வாக்கியங்களில் இருந்தது. ஒவ்வொருத்தி போடும் முடிச்சும் ஒவ்வொரு மாதிரி, முடிச்சைப் பார்த்தே எந்தச் சரம் யாருடையது என்று செட்டில் சொல்லிவிடுவார்கள் என்று ஒரு இடத்தில் இருந்தது. அதை ஞானஜோதி இரண்டு தடவை படித்தாள். முப்பத்தெட்டு வருடமாக இந்த மாவட்டத்தில் இருக்கிறாள். வருடா வருடம் தீபாவளிக்குத் தெருவில் சரம் வெடிக்கிறது. இது எதுவும் அவளுக்குத் தெரியாது.

கடைசிப் பக்கத்தில், ‘தகவல் உதவி: இப்பகுதிப் பெண்கள் சிலர்’ என்று முடிந்திருந்தது.

பானுப்பிரியாவைக் கூப்பிட்டாள்.

"எத்தனை பேர்கிட்டம்மா பேசுன?"

"ஏழு பேரு மேடம். எங்கம்மா அய்யம்மாள், மூக்கம்மா பெரியம்மா, முத்துமாரி மதினி, அப்பறம் விஸ்வநத்தத்துல நாலு பேரு."

"அவங்க பேரு ஒண்ணுகூட இதுல இல்லையே."

பானுப்பிரியா முழித்தாள். "அவுக பேரு எதுக்கு மேடம்? படிக்கிறவுகளுக்கு அவுகள யாருன்னு தெரியாதே."

"எம் பேர ஏன் போட்ட?"

"நீங்கதான மேடம் எழுதச் சொன்னீக? அதுவும் போக, எம் பேரப் போட்டா யாரு நம்புவாக?"

ஞானஜோதி புத்தகத்தை மூடி வைத்தாள். திட்ட மனசு வரவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் மணியடித்ததும் எழுந்து ஓடியது தான்தான் என்பது உறுத்தியது. போதாததற்கு, பானுப்பிரியா முந்தின நாளே அந்தப் புத்தகத்தைச் சான்றாகக் காட்டி வரியை மாற்றியிருந்தாள். பொறுப்பாளரிடமிருந்து பதிலும் வந்திருந்தது. ‘கல்லூரிப் பேராசிரியர் எழுதிய நூல் என்பதால் ஏற்கலாம். நூலாசிரியர் தாங்கள்தானா என்று பேராசிரியர் ஒரு வரி உறுதி செய்தால் போதும்.’

ஒரு வரிகூட வேண்டாம். ‘ஆம்’ என்ற ஒற்றைச் சொல் போதும். புத்தகத்தில் இருப்பது அத்தனையும் நிஜம். வரி நிற்கும், பிள்ளைக்கு மதிப்பெண் வரும், படிப்பு தப்பிக்கும். கோலாலம்பூரிலோ துபாயிலோ உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் எம். புதுப்பட்டிக்கு வந்தா விசாரிக்கப் போகிறார்? ஞானஜோதி விசைப்பலகைமேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பானுப்பிரியா பின்னால் மூச்சுவிடாமல் நின்றாள்.

தடுத்தது நேர்மை மட்டும் என்று சொன்னால் அது அவளுக்கு அதிகப்படியான புகழ்ச்சி. ‘ஆம்’ என்று தட்டினால் ஏழு பெண்கள் பின்னிய சரத்தைத் தன் சரம் என்று சொன்னதாக ஆகும். அது அவளுக்குக் கூசியது.

‘இல்லை’ என்று எழுதினாள். ‘இந்த நூலை எழுதியவர் மாணவி பானுப்பிரியா. சொன்னவர்கள் அய்யம்மாள், மூக்கம்மாள், முத்துமாரியம்மாள், விஸ்வநத்தத்தைச் சேர்ந்த நால்வர். இது சில நாளுக்கு முன்புதான் அச்சானது. என் பெயர் மரியாதைக்காகச் சேர்க்கப்பட்டது.’

பானுப்பிரியா திரையைப் படித்தாள். முகம் சுருங்கிப் போயிற்று.

"ஒரு ஆமான்னு போட்டிருந்தா என்ன மேடம்? பொய்யாவா எழுதியிருக்கேன்?"

"பொய் இல்லம்மா. ஆனா நான் எழுதலையே."

"இனி அந்த வரிய எடுத்துருவாக. பழசு வந்துரும்." கண் நிறைந்துவிட்டது. அழுகையை அடக்க முடியாத கோபத்தில் படபடவென்று சொன்னாள்: "எங்கள மட்டும் புஸ்தகம் எங்க, புஸ்தகம் எங்கங்காக. பெண்கள் உதவுகின்றனர்னு அவுக எழுதுனதுக்கு எந்தப் புஸ்தகம் இருக்காம்?"

ஞானஜோதி நாற்காலியைத் திருப்பி அவளைப் பார்த்தாள். பிறகு கட்டுரையின் அடிக்குப் போய்ச் சான்றுப் பட்டியலைப் பார்த்தாள். வெடிமருந்து கண்டுபிடித்ததற்குச் சான்று இருந்தது. லேபிள் படத்துக்குச் சான்று இருந்தது. அந்தப் பழைய வரிக்கு எதுவும் இல்லை. நான்கு வருடத்துக்கு முன்னால் யாரோ போகிறபோக்கில் எழுதியது. நான்கு வருடமாக யாரும் கேட்கவில்லை. அவளே இத்தனை நாளாக அந்த வரியைப் பார்க்கிறாள், அவளும் கேட்கவில்லை. சான்று சான்று என்று பிள்ளையின் உயிரை வாங்கியவளுக்கு வெட்கமாக இருந்தது.

"நீ கேட்டதை அப்படியே எழுது" என்று எழுந்து இடம் கொடுத்தாள்.

"அப்படியேவா மேடம்?"

"கொஞ்சம் மரியாதையா எழுது."

மறுநாள் காலையில் பதில் இருந்தது. ‘நியாயமான கேள்வி. அந்த வரிக்கும் சான்று இல்லை. நீக்கிவிட்டேன். இத்தனை நாள் கவனிக்காததற்கு வருந்துகிறேன். தங்கள் நூலைத் தற்போது ஏற்க இயலாது. வேறு வெளியீடு கிடைத்தால் அவசியம் எழுதுங்கள்.’

பானுப்பிரியா கட்டுரையைக் கடைசிவரை படித்தாள். "அப்ப சரத்த யாரு பின்னுறாகன்னே இல்லயே மேடம்" என்றாள்.

"இல்லதான். உதவுறாங்கன்னும் இல்ல."

அவள் வரி இருந்த இடத்தைத் திரையில் விரலால் தொட்டாள். "அது வரைக்கும் சரி" என்றாள். ஆனால் அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. ஞானஜோதிக்கும் இல்லை. ஒரு பொய் போனது, அவ்வளவுதான். உண்மை போய் உட்கார வேண்டிய இடம் வெறுமனே கிடந்தது. ஆனாலும் அந்தத் திருத்தம் ஒரு வாரம் அழியாமல் நின்றது. இருபத்தைந்துக்கு இருபத்துமூன்று போட்டு முதல்வரிடம் கையெழுத்து வாங்கினாள் ஞானஜோதி. ஒரு கட்டுரையில் ஒரு வரியை அழித்ததற்கா இவ்வளவு என்று முதல்வர் கேட்டார். "அழிக்கிறதுதான் சார் கஷ்டம்" என்றாள்.

அடுத்த வகுப்பில் ராணிக்கு இன்னும் பஞ்சாயத்து ஓயவில்லை. பத்துப் பேருக்குக் கட்டுரையே அமையவில்லை. ஞானஜோதி நாற்பது தலைப்புப் பட்டியலைக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, தேடல் பெட்டியில் ஒரே ஒரு சொல்லைத் தட்டச் சொன்னாள். ‘உதவுகின்றனர்.’ அது வரவில்லையென்றால் ‘உதவியாக’, ‘துணையாக’. வந்து விழுவதில் உங்களுக்குத் தெரிந்த வேலை எது என்று பாருங்கள். சான்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதுதான் உங்கள் கட்டுரை.

அறையில் முதலில் முணுமுணுப்பு, பிறகு நாற்காலிகள் இழுபடும் சத்தம். மல்லாங்கிணற்றுப் பெண் எழில் பருத்திக் கட்டுரையைப் பிடித்தாள். ‘களை எடுப்பதிலும் பருத்தி எடுப்பதிலும் பெண்கள் உதவுகின்றனர்.’ "அப்ப எடுக்கிறது யாராம்? எங்கப்பா வரப்புல நின்னு பீடி குடிச்சதுதான் எனக்குத் தெரியும்" என்றாள். தீப்பெட்டியில் ஒன்று, செங்கல்லில் ஒன்று, மீன் பிடிப்பில் ஒன்று. ராணியைக் கேட்டவர்களில் ஏழு பேர் ராணியை விட்டுவிட்டு வந்தார்கள். இதற்குமுன் அந்த வகுப்பில் யாரும் இப்படிப் போட்டி போட்டு எதையும் கேட்டதில்லை. ஞானஜோதி கரும்பலகையில் பெயரும் தலைப்புமாக எழுதிக்கொண்டே போனாள்.

"மேடம்" என்றாள் பானுப்பிரியா. குரல் ஒரு மாதிரி இருந்தது. "இது ஒண்ணு இருக்கு. நீங்க பாருங்க."

ஒரு கிராமத்து ஆரம்பப் பள்ளியைப் பற்றிய சின்னக் கட்டுரை. ‘இப்பள்ளியைத் தலைமையாசிரியர் செல்வநாயகம் முப்பத்தோரு ஆண்டுகள் நடத்தினார். அவருடைய மனைவி அவருக்கு உதவியாக இருந்தார்.’ சான்று இல்லை. யார் எழுதியது என்று பழைய திருத்தங்களின் பட்டியலில் பார்த்திருக்கிறாள் பிள்ளை. அதனால்தான் குரலைத் தாழ்த்தியிருந்தாள்.

எழுதியது ஞானஜோதி. கோடை விடுமுறையில், எழுதிப் பழகுவதற்காக அப்பாவின் பள்ளியைப் பற்றி எழுதினாள். ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் அம்மாவிடம்தான் இருந்தன. அந்த ஊரில் ‘அ’ எழுதத் தெரிந்த அத்தனை பேருக்கும் கையைப் பிடித்து எழுத வைத்தவள் அம்மா. ஞானஜோதிக்கும் அவள்தான். அப்பாவைப் பற்றி எழுதும்போது கையில் அந்தச் சொல் தானாக வந்தது. எழுதி முடித்துப் பெருமையாகக் கணவன் ஜெயசுந்தரிடம் காட்டியதும், அவன் நல்லா இருக்கு என்றதும் நினைவு வந்தன.

ஞானஜோதி கரும்பலகைக்குத் திரும்பிப் போய், கடைசிப் பெயருக்கு அடியில் தன் பெயரை எழுதினாள். பக்கத்தில் பள்ளியின் பெயரை எழுதினாள். அம்மா அந்தப் பள்ளியில் எந்த வருடம் சேர்ந்தாள் என்று எழுதப் போனவள், சாக்பீஸோடு நின்றுவிட்டாள். எத்தனையோ போர்களுக்கும் பட்டாபிஷேகங்களுக்கும் வருடம் மனப்பாடமாகச் சொல்கிற வரலாற்று டீச்சருக்கு அது தெரியவில்லை.

வராந்தாவுக்கு வந்து செல்போனில் வீட்டுக்குப் பேசினாள்.

"அம்மா, நீ எந்த வருசம் ஸ்கூல்ல கிளாஸ் எடுக்க ஆரம்பிச்ச?"

"நானா?" அம்மா சிரித்தாள். "நான் எங்க கிளாஸ் எடுத்தேன். அப்பாவுக்கு ஒத்தாசையா இருந்தேன், அம்புட்டுத்தான். இத எதுக்கு இப்பக் கேக்க?"



"எந்த வருசம்னு மட்டும் சொல்லும்மா."



"அறுவத்தி மூணு" என்றாள் அம்மா. "ஜூன் மாசம், பத்தாம் தேதி. திங்கக்கிழமை. ஒண்ணாப்புல முப்பத்தாறு பிள்ளைக."